செவலையும் நானும் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும்

எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை... எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு பக்கம் முழுக்க ஒரே வீடாக இருக்கும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்து போட்டோ எடுப்பார்கள். எங்களுக்கு அந்த வீடுகளில் தெரிவது பூட்டுதான். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். படைப்பு, கல்யாணம் என்றால் வந்து திறப்பார்கள். மற்ற நாட்களில் ஒரு வாட்ச்மேன், ஒரு விளக்குமாறு, சில வீடுகளில் ஒரு நாய்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது ஆளைப் பற்றியது.

நான் காலேஜ் பஸ் பிடிக்கப் போகும் வழியில் அப்படி ஒரு வீட்டின் பின்வாசல் இருக்கிறது. தினமும் நான் கடக்கும்போது உள்ளே ஒரு நாய் குரைக்கும். நானும் 'நாய் என்றால் குரைக்கத்தானே செய்யும்' என்று போய்க்கொண்டே இருப்பேன். ஏறத்தாழ எட்டு மாதம் அப்படித்தான் போனேன். 2025 ஏப்ரலில் ஒருநாள் குரைப்புச் சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாவது நாள்தான் நின்று கேட் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன்.

குரைத்தபோது பார்க்காதவன், குரைக்காதபோது பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ஏதோ பெரிய தியாகி மாதிரி எழுதிவிட்டால் ஞாபகப்படுத்துங்கள்.

செம்பழுப்பு நிறம், நீண்ட மூஞ்சி, ஒட்டிய வயிறு. எங்கள் பக்கத்தில் பார்த்த மாத்திரத்தில் 'சிப்பிப்பாறை' என்பார்கள். ஒட்டிய வயிறு அந்த இனத்துக்கு இயல்புதான். ஆனால் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணும்படி இருப்பது இயல்பு இல்லை. ஆறடிச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். அந்த ஆறடிக்கு உட்பட்ட மண் மட்டும் வட்டமாகப் பள்ளம் விழுந்து, புல் பூண்டு இல்லாமல் கிடந்தது. வட்டத்துக்கு அந்தப் பக்கம் அலுமினியத் தட்டு கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் இல்லை. ஏப்ரல் மாதம், எங்கள் ஊர் வெயில்... சொல்ல வேண்டியதில்லை.

நண்பன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தேன். பழைய வாட்ச்மேன் ஐயா உடம்பு சரியில்லாமல் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவர் இருந்தவரை தன் சோற்றிலேயே பங்கு போட்டாராம். புதிதாக வந்தவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து பெருக்கிவிட்டுப் போகிறவர். "எனக்கு நாயின்னாலே பயம் தம்பி. தள்ளி நின்னுதான் சோத்தை வீசுவேன். எட்டுனா திங்கும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவரை நாய் வளர்க்கச் சொல்லி யாரும் வேலைக்கு வைக்கவும் இல்லை.

வீட்டுக்காரரின் நம்பர் வாங்கிப் பேசினேன். சண்டைக்குத் தயாராகத்தான் போன் போட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "அது இன்னும் இருக்கா தம்பி?"

அதற்கு என்ன பதில் சொல்வது? "எடுத்துக்கங்க, புண்ணியமாப் போகும்" என்று வைத்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் சட்டம் பேசிக்கொள்ளலாம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960 என்று ஒன்று இருக்கிறது. பரதநாட்டியத்துக்காக நாம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் விளைவாக வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவைப் படித்துப் பார்த்தேன். விலங்கை மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பது, அதற்கென்று தனியாக ஒரு உட்பிரிவு போட்டு, குற்றம். போதிய சோறு, தண்ணீர், நிழல் தராதது குற்றம். கைவிடுவது குற்றம். ஆக, அந்த ஆறடி வட்டத்துக்குள் நாலு குற்றம் இருந்தது. தண்டனை? முதல் தடவை என்றால் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். டீயும் வடையும் சாப்பிடுகிற காசு! 1960-ல் அது பணமாக இருந்திருக்கும். ஆனாலும் அப்போதே ஒருவர் உட்கார்ந்து, சங்கிலியின் நீளத்தைக்கூட யோசித்து எழுதியிருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது.

போலீஸ் வரை போகவில்லை. நாய் நம் கைக்கு வந்தால் போதும் என்று தோன்றியது. பிஸ்கட்டும் பொறுமையுமாக இரண்டு மணி நேரம். எழுந்து கடிக்கும் அளவுக்கு அதற்குத் தெம்பும் இல்லை. கழுத்துப் பட்டை குட்டியில் போட்டது போலிருக்கிறது. கழுத்து வளர்ந்தும் பட்டை வளரவில்லை. சதையில் புதைந்து புண்ணாகி வாடை அடித்தது. கால்நடை டாக்டர்தான் மயக்க ஊசி போட்டு வெட்டி எடுத்தார். எடை பதினோரு கிலோ. காது மடல் முழுக்க உண்ணி.

"மூணு நாள் பட்டினி கிடந்துருக்கு, வீட்டுக்குப் போய் பிரியாணி போட்டுறாதீங்க" என்றார் டாக்டர். நான் கிட்டத்தட்ட அதைத்தான் செய்ய இருந்தேன். நெடுநாள் காய்ந்த உடம்பில் திடீரென்று நிறையச் சோறு விழுந்தால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வருமாம். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. உப்பு, காரம், வெங்காயம் போடாமல், கறிக்கடைக் கோழிக் கழுத்தை வேகவைத்துப் பிசைந்த சோறு. பூச்சி மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி, உண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரை. எனக்கும் ஊசி! நாயைக் கையாளப் போகிறவர்கள் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் எல்லாம் கூடாது.

சரி, நாய் தயார். வீட்டில்?

அப்பாவையும் அம்மாவையும் 'ரெண்டே வாரம், வேற வீடு பாத்துக் குடுத்துருவேன்' என்று சமாளித்துவிட்டேன். (ஏழு மாதம் ஆனது.) அப்பத்தாதான் அசையவில்லை. "நாயி இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்று ஒரே பிடி. அப்பத்தா தேய்பிறை அஷ்டமிக்கு வைரவன்பட்டிக்குப் போகிற ஆள். நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் ஒன்று அது. நாங்கள் நகரத்தார் இல்லை என்றாலும் வைரவர் எல்லாருக்கும் பொது. நான் கேட்டேன்: "நாயை வாகனமா வச்சிருக்கிற சாமிக்கு வடைமாலை சாத்துறீங்க. வாகனம் வாசலுக்கே வந்தா சோறு கிடையாதா அப்பத்தா?"

சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஏன் என்று எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் ஆறாவது படிக்கும்போது எங்களிடம் மணி என்று ஒரு நாய் இருந்தது. சாதாரண நாட்டு நாய், கறுப்பு. வீடு மாறும்போது புது ஹவுஸ் ஓனர் நாய் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒருநாள் ராத்திரி அப்பா அதைச் சாக்கில் போட்டு, டிவிஎஸ் 50-யில் முன்னால் வைத்துக்கொண்டு, குன்றக்குடி தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சாக்கு ஆடாமல் பிடித்துக்கொள்ளப் பின்னால் உட்கார்ந்து போனவன் நான். அவிழ்த்துவிட்டதும் அது விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தது. ரொம்ப தூரம் ஓடி வந்தது.

அந்தச் சட்டத்தில் 'கைவிடுவது' என்ற வரியைப் படித்தபோது எனக்கு அந்தச் சிங்கப்பூர்க்காரர்களோ சென்னைக்காரர்களோ ஞாபகம் வரவில்லை. சாக்குதான் ஞாபகம் வந்தது.

செவலையைக் கொல்லைப்புறத்தில் கிணற்றடி ஓரமாக விட்டோம். (நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்தான்.) கட்டவில்லை. சுற்றுச்சுவர் இருக்கிறது, இஷ்டத்துக்கு ஓடட்டும் என்று நினைத்தேன். அது ஓடவில்லை. ஆறடி போகும், சட்டென்று திரும்பும். மறுபடி ஆறடி, திரும்பும். இல்லாத சங்கிலி இழுத்தது போல! முதல் வாரம் முழுக்க எங்கள் கொல்லையில் அந்த வட்டத்தைத்தான் போட்டது. தட்டை வட்டத்துக்கு வெளியே வைத்தால் பார்த்துக்கொண்டே நிற்கும், வராது. நான் தினமும் தட்டை அரை அடி தள்ளி வைத்தேன். ஏழாம் அடியை அது எடுத்து வைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. நாய் மீட்பில் இருப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: புது இடத்தில் பயம் தணிய மூன்று நாள், பழக்கம் பிடிபட மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். செவலை அந்தக் கணக்கையெல்லாம் மதிக்கவில்லை.

அந்த நாட்களில் நிறையப் படித்தேன். நம் நாட்டு நாய்களின் கதை வேடிக்கையானது. 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020-ல் பிரதமரே வானொலிப் பேச்சில் சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று பெயர் சொன்னார். பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் சென்னை சைதாப்பேட்டையில் இந்த இனங்களைப் பெருக்குவதற்காகவே 1980-களிலிருந்து அரசு நடத்திய பண்ணையை, விலங்கு நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2016-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. நாய்கள் அங்கே பராமரிக்கப்பட்ட விதம் சரியில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. சில மாதங்களில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் வந்தபோது, 'காளையைப் போல நம் நாயையும் அழிக்கப் பார்க்கிறார்கள்' என்று பலர் கொதித்தார்கள்.

இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. இனம் அழியக்கூடாது என்பது நியாயம். ஆனால் இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, முயலைத் துரத்தி ஓடுவதற்கென்றே உண்டான ஒரு உடம்பை ஆறடியில் கட்டிப் போட்டால் நாம் எதைக் காப்பாற்றுகிறோம்? தெருநாய்க்காவது ஒரு தெரு இருக்கிறது. பெருமைக்கு வாங்கிய நாய்க்கு அதுவும் இல்லை.

சென்னை மாதிரி ஊர் என்றால் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் இருக்கிறது. மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், கருத்தடை செய்து விடுவதே வழி என்று 1960-களிலேயே செய்து காட்டியவர்கள் அவர்கள். 2001-ல் அது நாடு முழுமைக்கும் விதியானது; 2023-ல் புது விதிகள் வந்தன. காரைக்குடி 2024-ல்தான் மாநகராட்சி ஆகியிருக்கிறது. எங்கள் ஊர் மாதிரி இடங்களில் மீட்ட நாயை வைத்துக்கொள்ளக் காப்பகம் என்பது யாரோ ஒருவருடைய கொல்லைப்புறம்தான். அதுவும் ஹவுஸ் ஓனர் பார்த்து மனது வைத்தால்!

ஜூலையில் எடை பதினேழு கிலோ ஆனதும் கருத்தடை செய்தோம். அதன்பிறகு வாட்ஸ்அப்பில் 'செவலைக்கு வீடு வேண்டும்' என்று போட்டோ போட்டேன். போன் மேல் போன். நானும் 'ஆகா, நல்ல உள்ளங்கள்' என்று குளிர்ந்துவிட்டேன். பாதிப் பேர் கேட்டது இது: "ஒரிஜினலா? குட்டி போடுமா?" கருத்தடை ஆயிற்று என்றதும் லைன் கட். இன்னும் சிலர், "முயலுக்குப் போகுமா?" முயல் வேட்டை வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று சொன்னால், "அதெல்லாம் தெரியும் தம்பி, நாயி போகுமா?" என்றார்கள்.

கடைசியில் ஒரு பெரிய வீடு. கார், கேட், பேச்சில் மரியாதை. நான் அசந்துபோய் எதையும் கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன். பதினோராம் நாள் அந்தப் பக்கம் போனபோது சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று நுழைந்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில், இரும்புக் குழாயில் கட்டியிருந்தது. புதுச் சங்கிலி. பளபளவென்று இருந்தது. "பகல்ல மட்டுந்தான் கட்டுறோம்" என்றார்கள். செவலை என்னைப் பார்த்து எழுந்தது, ஆறடி வந்தது, திரும்பியது.

அவர்களைத் திட்டி நாலு பாரா எழுதலாம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் கொடுத்தவன் யார்? பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், ராத்திரி எங்கே படுக்கும், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வீடு மாறினால் என்ன செய்வீர்கள், இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆனது? இந்த ஐந்து கேள்வியும் எனக்கு அன்றைக்கு ராத்திரிதான் உதித்தன. கடைசி இரண்டு கேள்விகளை எங்கள் வீட்டில் யாராவது கேட்டிருந்தால் நாங்களே பெயில். அதையும் யோசித்தேன்.

கூட்டி வந்துவிட்டேன். கொல்லையில் மறுபடியும் வட்டம். தட்டை மறுபடியும் அரை அடி, அரை அடி...

அந்த ஆகஸ்ட் மாதம்தான் உச்ச நீதிமன்றத்தின் தெருநாய் உத்தரவுகள் டிவியில் ஓடிக்கொண்டிருந்தன. டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று 11-ம் தேதி ஒரு உத்தரவு. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்று 22-ம் தேதி ஒரு திருத்தம். ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நாய்க்கடியால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் கோபம் நியாயமானது. அதை மறுக்க எனக்கு வாய் இல்லை. அந்தத் திருத்தத்தில் ஒரு வரி மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சியில் விண்ணப்பித்து நாய்களைத் தத்தெடுக்கலாம். ஆனால் தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. குன்றக்குடி ரோட்டில் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்த மணியும் அன்றிலிருந்து தெருநாய்தானே?

தீபாவளிக்கு முன்னால் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். புது இடத்தில் வெடிச் சத்தம் கேட்டால் நாய் சுவர் தாண்டி ஓடிவிடும். தீபாவளி ராத்திரி செவலை நடுங்கிக்கொண்டு கொல்லைக் கதவைப் பிறாண்டியது. நான் எழுந்து போவதற்குள் கதவு திறந்திருந்தது. அடுப்படியில் அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. அதன் சேலைத் தலைப்புக்கு அடியில் செவலையின் மூஞ்சி. நான் ஒன்றும் பேசவில்லை. அப்பத்தாதான் பேசியது.

"அந்த மணி திரும்பி வந்துரும்னு மூணு நாளு ராத்திரி கதவுக்குத் தாப்பா போடாம படுத்திருந்தேன்டா. உங்க அப்பனுக்குக்கூடத் தெரியாது."

அதற்கு மேல் அதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சாக்கு தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

நவம்பரில் கல்லல் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பம் வந்தது. சுற்றிலும் கம்பிவேலி, வீட்டில் எப்போதும் ஆள். முன்பிருந்த நாய் பாம்பு கடித்துச் செத்துப்போனதாம். அதைச் சொல்லும்போது அந்த அக்காவுக்குக் குரல் மாறியது. நான் ஐந்து கேள்விகளோடு தயாராக இருந்தேன். அதற்குள் அவர் கேட்டார்: "இது எதுக்கெல்லாம் பயப்படும் தம்பி?"

ஏழு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள்! சங்கிலிச் சத்தம், விளக்குமாறு, வெடி என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். கொடுத்து அனுப்பினோம். சாக்கு இல்லை, வேனில் அப்பத்தாவின் பழைய சேலையை விரித்து. 'ஒத்து வரவில்லை என்றால் எங்கேயும் விடாமல் எங்களிடமே கொண்டு வந்துவிடுங்கள்' என்று எழுதி வாங்கிக்கொண்டேன். நாய் வாங்குகிறவர், கொடுக்கிறவர் எல்லாரும் இந்த ஒரு வரியையாவது எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் என் அறிவுரை.

இந்தப் பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். தோப்பு முழுக்க ஓடுகிறது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. என்னை மோந்து பார்த்து, வாலை ஆட்டிவிட்டு, அந்த அக்கா கூப்பிட்டதும் அந்தப் பக்கம் போய்விட்டது. கொஞ்சம் வலித்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது.

"படுக்குறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு வட்டம் போடும் தம்பி, என்னன்னு தெரியல" என்றார் அக்கா. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி: "கட்டிப் போட்டிருக்காங்களா?"

"இல்ல அப்பத்தா."

"ம்" என்றது. காலேஜ் பஸ்ஸுக்குப் போகும் வழியில் இப்போதெல்லாம் நாய் குரைத்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். பஸ் இரண்டு தடவை போய்விட்டது.